மூத்த மின்னூர்தியும் உடையார் கடனும்

ஒரு பொருளைக் கொள்ளுதல் ஒருநாட் செயல். கொண்டதனை ஆளுதல் பன்னாட் செயல். கொள்ளும் நாளிற் பொருளின் அழகும் ஆற்றலும் விலையுமே கருதப்படும்; ஆளும் நாள்களிலோ அதன் தேய்வும், அத்தேய்விற்கேற்ப உடையவன் மேற்கொள்ள வேண்டிய ஒழுக்கமுமே மிக்கு நிற்கும். புதுப்பொருளைப் புகழ்ந்துரைப்பார் பலர். மூத்த பொருளை ஆளும் முறைமையை எடுத்துரைப்பார் மிகச் சிலரே. மின்சாரத்தால் இயங்கும் கார்கள் உலகெங்கும் பெருகிவரும் இக்காலத்து, அவற்றுள் முதிர்ந்ததொன்றை நெடுங்காலம் உடைமையாக வைத்திருப்பார் அறிந்து ஒழுக வேண்டுவன யாவை என ஆராய்தல் பயனுடைத்து. பொதுவகையாற் கூறுவது தெளிவு பயவாதாகலின், நிஸான் என்னும் ஜப்பானிய நிறுவனத்தார் செய்த 'லீஃப்' என்னும் மின்னூர்தியும், அதனை இங்கிலாந்தின் வடகிழக்கே நியூகாசில் நகரத்தில் 14 ஆண்டுக்கு மேலாக ஆண்டுவரும் இல்லறத்தார் ஒருவரும் ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும்.

மின்னூர்தி இந்நூற்றாண்டிற் புதிதாகத் தோன்றியதன்று. மணிக்கு 100 கிலோமீட்டர் என்னும் விரைவை முதன்முதற் கடந்த சாலையூர்தி, 1899-ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டில் காமில் ஜெனட்ஸி என்னும் பெல்ஜியர் செலுத்திய மின்னூர்தியே. 1900-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்து அமெரிக்க நாட்டில் ஓடிய கார்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தால் ஓடின. பெட்ரோல் ஊர்திகளை உலகெங்கும் பரப்பிய ஹென்றி ஃபோர்டின் மனைவியார் கிளாரா அம்மையார் தாம் ஏறிச் செல்லக் கொண்டது 1914-ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' என்னும் மின்னூர்தி என்பது வியக்கற்பாலது. பின்னர்ப் பெட்ரோல் மலிந்தமையானும், கையாற் சுழற்றாமலே எஞ்சினைத் தொடக்கும் கருவி 1912 முதற் கார்களில் வந்தமையானும் மின்னூர்தி வழக்கு வீழ்ந்தது. 1996-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 'ஈ.வி. 1' என்னும் மின்னூர்தியை வெளியிட்டனராயினும், அதனை எவர்க்கும் விலைக்குக் கொடாது குத்தகைக்கே விடுத்தனர். சில ஆண்டுகளில் அவற்றையெல்லாம் மீளப் பெற்றுப் பெரும்பாலனவற்றை நொறுக்கியும் விட்டனர். அவ்வூர்திக்கு ஏறிச் சென்றார் இருந்தனர், உடையார் இலர். ஆகவே, மின்னூர்தியொன்றை வாங்கி, அதன் இளமையும் முதுமையும் ஒருங்கு கண்டு, அதனோடு தாமும் மூப்படையும் நிலை பெருந்தொகையினர்க்கு வாய்த்தது 2010-ஆம் ஆண்டு டிசம்பரில் 'லீஃப்' வெளிவந்த பின்னரே என்னலாம்.

மேற்குறித்த இல்லறத்தார் பள்ளியிற் கணக்குக் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவர் தம் ஊர்தியை வாங்கியது 2011-ஆம் ஆண்டில். அரசினர் அந்நாளில் அளித்த 5,000 பவுன் உதவித் தொகை கழிய, அதன் விலை 25,990 பவுன். அதன் அடித்தளத்தின் கீழ் ஏறக்குறைய 300 கிலோகிராம் எடையுள்ள மின்கலத் தொகுதி அமைந்துள்ளது. பேட்டரி என உலகம் வழங்கும் இத்தொகுதி ஒரு பொருளன்று. 192 சிறு கலங்கள் நான்கு நான்காக 48 பேழைகளில் அடங்கி ஒன்றாய் நிற்பதாம். அதன் கொள்ளளவு புதிதாய் இருந்த நாளில் 24 கிலோவாட்-மணி. முழுதும் மின்னேற்றம் செய்தபின் அது செல்லும் தூரம் 73 மைல் என அமெரிக்க அரசினர் அளந்து கூறினர். அது 117 கிலோமீட்டரளவாம். பெட்ரோல் கார் ஒன்று ஒருமுறை நிரப்பிய எண்ணெயாற் செல்லும் தூரத்தில் இது நாலில் ஒரு பங்கும் ஆகாது. எனினும் நகரத்துள் நாடோறும் செல்வார்க்கு அது போதியதாயிருந்தது.

இனி, முதுமை என்பது இவ்வூர்திக்கு எவ்வாற்றான் வருகின்றது என்பது அறியத்தக்கது. பெட்ரோல் ஊர்தியில் தேய்வு பல உறுப்புகளிலும் பரந்து நிகழும். எஞ்சின் தேயும், கிளட்ச் தேயும், புகைக்குழல் துருவேறும், எண்ணெய் கசியும். எல்லா உறுப்பும் சிறிது சிறிதாகத் தளர்தலின், எப்பொழுது முதுமை வந்தது என உடையவனும் அறியான். மின்னூர்தியின் இயல்பு வேறு. அதன் மோட்டாரில் உராய்வன சிலவே. மாற்ற வேண்டிய எஞ்சின் எண்ணெய் இல்லை. வேகத்தைத் தணிக்குங்கால் மோட்டாரே மின்னாக்கியாய் மாறி வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கி மீளச் சேமித்தலின், பிரேக் கட்டைகளும் நெடுநாள் தேயாமல் நிற்கும். 14 ஆண்டு கழிந்த பின்னும் அவருடைய ஊர்தி முதல்நாள் எவ்வாறு ஓசையின்றிப் புறப்பட்டதோ அவ்வாறே இன்றும் புறப்படுகின்றது. தேய்ந்தது மின்கலம் ஒன்றே. ஊர்தி முழுதும் முதிர்ந்தது என்பது பிழை; ஓருறுப்பு முதிர, ஏனைய உறுப்புகள் இளமையோடு நிற்கின்றன என்பதே உண்மை. இவ்வேறுபாட்டை உணராதார் ஓருறுப்பின் பொருட்டு முழுப்பொருளையும் இகழ்ந்து விடுவர்.

அவ்வோருறுப்பின் தேய்வும் மறைந்து நிகழ்வதன்று. செலுத்துவோன் கண்ணெதிரே உள்ள பலகையில் 12 சிறு கோடுகள் ஒளியோடு நிற்கும். மின்கலத்தின் கொள்ளளவு குறையக் குறைய அக்கோடுகள் ஒவ்வொன்றாக மறையும். இதில் அறியத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. முதற்கோடு மறைவது கொள்ளளவு 100-க்கு 85 ஆன பின்னரே. அதன்பின் நூற்றுக்கு ஆறேகால் குறையுந்தோறும் ஒவ்வொரு கோடாக மறையும். முதற்கோடு நூற்றுக்குப் பதினைந்து தேய்வைத் தன்னுள் அடக்கி மறைத்து நிற்றலின், தொடக்கத்துச் சில ஆண்டுகளில் உடையவன் தன் பொருள் சிறிதும் குறையவில்லை என மகிழ்ந்திருப்பான். குறைவு ஒருநாள் வெளிப்பட்டதும் அன்றே நோய் வந்ததுபோலத் திடுக்கிடுவான். நோய் முன்னரே வந்தது. அறிவே பின்னர் வந்தது என்க. அவ்வில்லறத்தாரின் ஊர்தியில் இன்று நிற்கும் கோடுகள் ஏழு. அஃதாவது கொள்ளளவு நூற்றுக்கு அறுபதிற்கும் கீழே இறங்கிவிட்டது. 73 மைல் என்றது ஏறக்குறைய 42 மைலாகச் சுருங்கிற்று.

இத்தேய்வின் காரணம் யாதெனின், மின்கலத்துள் லித்தியம் என்னும் உலோகத்தின் நுண்துகள்கள் மின்னேற்றத்தின்போது ஒரு புறத்தினின்று மறுபுறம் சென்று தங்கும். ஓடும்போது அவை மீளும். இவ்வாறு சென்று மீளுங்கால், கரியாலான தகட்டின்மேல் மெல்லிய படலம் ஒன்று படிந்துகொண்டே வரும். அப்படலத்துட் சிக்கிய துகள்கள் பின்னர் மீளா. நாள் செல்லச் செல்லப் படலம் தடிக்கும். உழைக்கும் துகள்கள் குறையும். ஊர்தியை ஓட்டினும் இது நிகழும். ஓட்டாது நிறுத்தி வைப்பினும் நிகழும். வெப்பம் மிகுந்துழி விரைவாக நிகழும். இவ்வூர்தியின் மின்கலத்தைக் குளிர்விக்க நீரோட்டம் அமைக்கப்படவில்லையாகலின், அமெரிக்க நாட்டிற் பாலைபோல வெம்மை மிக்க அரிசோனாவில் வாழ்ந்த உடையார் சிலர் 2012-ஆம் ஆண்டிலேயே கோடுகள் மறைதலைக் கண்டு முறையிட்டனர். அதன்பின் ஐந்தாண்டு அல்லது 60,000 மைலுக்குள் கோடுகள் ஒன்பதிற்குக் கீழே குறையின் தாமே செப்பஞ்செய்து தருவதாக நிறுவனத்தார் உறுதி கூறினர். வடஇங்கிலாந்தின் குளிர்ந்த காற்று அவ்வில்லறத்தாரின் ஊர்திக்கு இயல்பாகவே துணை செய்தது. எப்பொழுதும் முழுதும் நிரப்பி வைத்தலும் மின்கலத்தை விரைவில் முதிர்விக்கும் என்பதறிந்து, நூற்றுக்கு எண்பதளவில் மின்னேற்றத்தை நிறுத்தும் அமைப்பினை அவர் தொடக்கமுதலே கைக்கொண்டார். நெடுவழி செல்லும் நாளின் விடியலில் மட்டுமே முழுதும் நிரப்பினார். நிரப்புதற்கு இடம் இருந்தும் நிரப்பாது நிறுத்துதல் எளிய செயல்போலத் தோன்றினும், கையிலுள்ளதெல்லாம் உடனே வேண்டும் என்னும் மனத்திற்கு அஃது எளிதன்று.

மற்றுமொன்று. கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டு நிற்றலின், அவற்றுள் மெலிந்தது எதுவோ அதன் ஆற்றலே தொகுதி முழுதிற்கும் எல்லையாகும். ஏனைய கலங்களில் மின்சாரம் எஞ்சியிருப்பினும், மெலிந்த கலம் வறிதானவுடன் ஊர்தி தன் ஆற்றலைச் சுருக்கிக்கொள்ளும். அப்பொழுது பலகையில் ஆமை வடிவம் ஒன்று ஒளிரும். விரைவு இனிக் கூடாது, மெல்லச் சென்று சேர்க என்பது அதன் குறிப்பு. அடங்கி ஒழுகுதற்கு ஆமையை உவமை கூறுதல் தமிழ்நூல் வழக்கு. அந்நூல்களை அறியாத நாட்டார் ஒருவரும் அதே உயிரை அதே பொருட்குக் குறியாக வைத்தமை நினைந்து மகிழத்தக்கது. அவ்வில்லறத்தார் 14 ஆண்டில் அவ்வடிவத்தை இருமுறையே கண்டனர். இருமுறையும் பனிபெய்த இரவுகள். அதன்பின் ஆமை தோன்றுமுன்னரே ஆமைபோல் ஒழுகக் கற்றுக்கொண்டார் என்ப.

இனி, இத்தேய்வு ஒருவர் வாழ்க்கையை எவ்வாறு தொடுகின்றது என்பது கூறப்படும். அவருக்கு மூத்த தமக்கையார் ஒருவர் உளர். கணவரை இழந்து, நியூகாசிலுக்கு வடக்கே ஏறக்குறைய 35 மைல் தொலைவிலுள்ள அல்னிக் என்னும் சிற்றூரில் தனித்து வாழ்பவர். ஊர்தி புதிதாயிருந்த நாளில், தம்பியார் காலையிற் புறப்பட்டுத் தமக்கையார் இல்லம் சேர்ந்து, சுவரிலுள்ள மின்செருகியில் ஊர்தியைப் பொருத்திவிட்டு, உண்டு உரையாடி, மாலையில் மீள்வது வழக்கம். மூன்று நான்கு மணிநேரத்தில் ஏறிய மின்சாரமே எஞ்சியிருந்ததனோடு கூடி மீளுதற்குப் போதியதாயிற்று. கோடுகள் குறையக் குறையச் செய்தி மாறிற்று. இன்று கோடைக்காலத்திலும் அங்குச் சென்று சேர்வதற்குள் மின்கலம் பெரிதும் வறிதாகி விடுகின்றது. மீளுதற்கு வேண்டுமளவு அச்செருகியின் வழியே ஏறுவதற்கு ஆறேழு மணிநேரம் ஆகும். பனிக்காலத்திலோ இடைவழியில் மார்பெத் என்னும் ஊரில் நின்று மின்னேற்றம் செய்தாலன்றிப் போய்ச் சேர்தலும் உறுதியன்று.

இந்நிலையில் அவர்முன் இருந்த வழிகள் மூன்று. போக்கினை நிறுத்துதல் ஒன்று. வேறு ஊர்தி வாங்குதல் ஒன்று. சென்ற இடத்தில் இரவு தங்கி விடியலில் மீளுதல் ஒன்று. அவர் மூன்றாவதனைத் தேர்ந்தார். திங்களுக்கு நான்குமுறை போய் வந்தவர் இப்பொழுது இருமுறையே செல்கின்றார்; ஆனால் இருமுறையும் இரவு தங்குகின்றார். மாலையில் எஞ்சிய மைலை எண்ணிப் புறப்பட விரைந்த நாள்களிற் பேசப்படாதன பல இரவுப் பொழுதிற் பேசப்பட்டன. தமக்கையார் இரவில் மாடிப்படி ஏறுதற்கு இடர்ப்படுகின்றார் என்பதும், மருந்துகளை மாற்றி உண்கின்றார் என்பதும் தம்பியார்க்குத் தெரிய வந்தது அங்ஙனம் தங்கிய ஓர் இரவிலேயே. பகலில் வந்து போவார் எவர்க்கும் அவர் அவற்றைக் காட்டியதிலர். அதன்பின் கீழறையே உறங்கும் அறையாக்கப்பட்டது. மருந்துகள் நாள்வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டன. ஊர்தியின் குறை இந்நன்மையைச் செய்தது என்று கூறுதல் மிகையாகும். குறை குறையே. அக்குறையைக் கண்டு விலகாது, அதற்கேற்பத் தம் ஒழுகலாற்றை மாற்றிக்கொண்ட மனமே அந்நன்மைக்கு இடந்தந்தது என்பதே பொருத்தம்.

பனிக்காலத்தைப்பற்றி ஒருசில கூறவேண்டும். பெட்ரோல் எஞ்சினில் வீணாகும் வெப்பமே காரினுள்ளிருப்பார்க்குக் குளிர் போக்கும். மின்னூர்தியிலோ வெப்பத்தையும் மின்கலமே தரவேண்டும். முதலில் வந்த 'லீஃப்' ஊர்திகளில் நீரைக் காய்ச்சி அறையை வெதுப்பும் அமைப்பே இருந்தமையின், குளிர்நாளில் அதனை இயக்கினால் செல்லும் தூரம் மிகச் சுருங்கும். ஏழு கோடுள்ள ஊர்திக்கு 30 மைலும் அரிதாகும். ஆகலின் வீட்டு மின்சாரத்தோடு பொருந்தியிருக்கும்போதே அறையை வெதுப்பிக்கொண்டு புறப்படுதலும், செல்லும் வழியிற் கம்பளி போர்த்துக்கொள்ளுதலும் மூத்த மின்னூர்தியுடையார் மேற்கொள்ளும் முறை. முன்னர்க் கைப்பேசியின் வழியே தொலைவிலிருந்தும் இவ்வெதுப்பியை இயக்கலாம். ஊர்தியினுள் அமைந்த செய்திக்கருவி பழைய இரண்டாந் தலைமுறை அலைவரிசையைச் சார்ந்ததாகலின், 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அவ்வசதி இங்கிலாந்திற் பழைய ஊர்திகளுக்கு நிறுத்தப்பட்டது. ஊர்தியினுள்ளேயே நேரம் குறித்து வைக்கும் அமைப்பு மட்டும் எஞ்சியது. அதுவே போதுமென அவர் அமைந்தார்.

இதனால், முதுமை இருவகைத்து என்பது பெறப்படும். பொருள் தன்னுள்ளே தேய்ந்து முதிர்தல் ஒன்று. தான் தேயாதிருந்தும், தன்னைச் சூழ்ந்த உலகம் மாறிச் செல்லுதலால் முதிர்ந்ததாய் எண்ணப்படுதல் மற்றொன்று. செய்திக்கருவி பழுதுபடவில்லை, அது பேசிய மொழியைக் கேட்பார் இலராயினர். விரைந்து மின்னேற்றும் செருகியின் நிலையும் அஃதே. இவ்வூர்தியிலுள்ள செருகி 'சாடெமோ' என்னும் ஜப்பானிய முறையிற் செய்யப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் வேறொரு முறையைத் தழுவினமையின், சாலையோரத்தில் நடப்படும் புதிய நிலையங்களில் 'சாடெமோ' அருகி வருகின்றது. நிஸான் நிறுவனத்தாரே ஐரோப்பாவில் விற்கும் தம் புதிய ஊர்திகளில் அம்மாற்று முறையை மேற்கொண்டனர். ஆகவே மூத்த ஊர்தியை உடையவர் தம் பொருளின் உள்நிலையை மட்டுமன்றி, வழியில் அதற்குத் துணையாவன எவை நிலைபெற்றுள, எவை நீங்கின என்பதையும் காலந்தோறும் அறிந்திருத்தல் வேண்டும்.

சிறியதென்று இகழப்படுவதொன்றும் இவ்வூர்தியில் உண்டு. பெருங்கலத் தொகுதியேயன்றி, எல்லாக் கார்களிலும் உள்ளது போன்ற 12 வோல்ட் ஈயக் கலம் ஒன்றும் இதில் அமைந்துள்ளது. ஊர்தியின் கணக்கிடு கருவிகளை விழிப்பித்துப் பெருங்கலத்தின் வாயிலைத் திறப்பது இச்சிறு கலமே. இது செத்துவிடின், பெருங்கலம் நிரம்பியிருப்பினும் ஊர்தி அசையாது. சாலையோரத்தில் நின்றுபோன மின்னூர்தியைக் கண்டு பெருங்கலம் அழிந்ததென அஞ்சுவார் பலர்க்கு உண்மையில் வேண்டியது சிறுவிலைக்குக் கிடைக்கும் இவ்வீயக் கலமே. செல்வம் நிரம்பிய இல்லத்திற் கதவைத் திறப்பானின்றி வறியவனாய் நிற்றல் போன்றது இஃது. சில ஆண்டுகட்கு ஒருமுறை இதனை மாற்றுதலும், டயர்களின் காற்றை நோக்குதலும், உராய்வு குறைவதாற் பிரேக் தட்டுகளிற் படியும் துருவைத் துடைப்பித்தலும் ஆகிய சிறு காப்புகளே மூத்த ஊர்தியை நிலைநிறுத்துவன.

ஈண்டு ஒரு தடை நிகழும். பாதியளவே ஆற்றல் எஞ்சிய பொருளை வைத்துக்கொண்டு இடர்ப்படுவதினும், அதனைத் தள்ளிப் புதியது கொள்ளுதல் அறிவுடைமையன்றோ எனின், கூறுதும். நாடோறும் நெடுவழி செல்ல வேண்டியார்க்கு அத்தடை பொருந்தும். அவர் இத்தகைய ஊர்தியை வைத்திருத்தல் தகாது. ஊருக்குள்ளேயே வழங்குவார்க்கு அது பொருந்தாது. கடைக்கும் நூல்நிலையத்திற்கும் மருத்துவமனைக்கும் செல்வார் ஒருநாளிற் செல்லும் தூரம் பத்துப் பன்னிரண்டு மைலே. 42 மைல் செல்லும் ஊர்தி அவர்க்குக் குறையுடையதன்று. மின்கலத்தை மட்டும் மாற்றலாமே எனின், அதுவும் உண்டு. 2014-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் நிறுவனத்தார் பழைய தொகுதியை வாங்கிக்கொண்டு புதியதனை 5,499 டாலருக்குத் தருவதாக அறிவித்தனர். கொள்ளளவு மிக்க பிற்காலத் தொகுதியைப் பழைய ஊர்தியிற் பொருத்தித் தரும் தொழிலாளரும் இன்று பல நாடுகளில் உளர். எனினும் 14 ஆண்டான ஊர்தியின் விலையினும் மின்கலத்தின் விலை மிகுதியாக நிற்றலின், அது பலர்க்கு இயல்வதன்று. மேலும் புதிய மின்கலம் ஒன்றைச் செய்வதற்குச் சுரங்கங்களும் ஆலைகளும் மிகுந்த ஆற்றலைச் செலவிடுகின்றன. செய்யப்பட்டதனை அதன் எல்லை வரையிற் பயன்கொள்ளாது தள்ளுதல், அச்செலவை வீணாக்குதலாம்.

அங்ஙனமாயின் இது பொருளின்மேற் பற்று ஆகாதோ எனின், அற்றன்று. பற்றுடையான் பொருளின் குறையைக் காணான்; கண்டாலும் பிறர்க்கு மறைப்பான். காப்பவன் குறையை நன்கு அறிவான், அறிந்தே வழங்குவான். உடையவன் வேறு, உடைமை வேறு என்னும் தெளிவு உள்ளவர்க்கே பொருளை அதன் உண்மையளவில் மதிக்க இயலும். இது விளங்குதற்கு அவ்வில்லறத்தார் வாழ்வில் நிகழ்ந்ததொன்று சான்றாகும்.

இரண்டாண்டுக்கு முன்னர், மனைவியாரின் சிகிச்சைக்குப் பொருள் வேண்டியிருந்தமையின், அவர் ஊர்தியை விற்க எண்ணினார். பழங்கார் வாணிகர் ஒருவர் வந்து பார்த்து, கோடுகள் ஏழே இருத்தலின் விலை மிகக் குறையும் என்றார். பின்னர்க் குரலைத் தாழ்த்தி, வேறொரு வழியும் உண்டென்றார். ஊர்தியின் கணக்கிடு கருவியிற் பழைய நினைவை அழித்துவிடின், அது தன்னிடம் புதிய மின்கலம் பொருத்தப்பட்டதாகக் கொண்டு பன்னிரண்டு கோடுகளையும் காட்டும். சில கிழமைகள் ஓடிய பின்னரே உண்மையளவை மீண்டும் கண்டறியும். அதற்குள் விற்பனை முடிந்துவிடும் என்பது அவர் கூறிய சூழ்ச்சி. இத்தகைய வஞ்சம் பழைய 'லீஃப்' வாணிகத்தில் நிகழ்வதுண்டு. ஆண்டுதோறும் அரசினர் விதித்துள்ள தேர்வு பிரேக்கையும் விளக்கையும் டயரையும் சோதிக்கின்றதேயன்றி, மின்கலத்தின் கொள்ளளவைச் சோதிப்பதில்லை. ஆகவே அவ்விடத்துக் காவலாய் நிற்பது உடையவன் வாய்மை ஒன்றே. அவர் வாணிகரை நன்றி கூறி அனுப்பிவிட்டார்.

பின்னர்த் தாமே விளம்பரம் செய்ய, இளம்பெண் ஒருவர் வாங்க வந்தார். மருத்துவமனையில் இரவுப்பணி புரிபவர். விலையும் அவர்க்கு இசைந்தது. ஆசிரியர் அவரை நோக்கி, பணிக்குச் செல்லும் தொலைவு எவ்வளவு என வினாவினார். போக்கு 25 மைல், வரவு 25 மைல், பணியிடத்தில் மின்னேற்றும் வசதி இல்லை என்றார் அவர். ஆசிரியர் ஊர்தியின் ஏழு கோடுகளையும் காட்டி, அவற்றின் பொருளைக் கணக்கிட்டு விளக்கி, 'அம்மா, பனிக்காலத்து இரவில் இது உன்னை வழியில் நிறுத்திவிடும். இது உனக்கு ஆகாது' என்றார். பெண் வாங்காது சென்றார். வேறெவரும் வரவில்லை. சிகிச்சைக்கு வேண்டிய பொருளை அவர் தம் சேமிப்பிலிருந்து எடுத்தார். அவ்வாண்டு இல்லத்தின் கூரையைப் புதுப்பிக்க எண்ணியிருந்தது நின்றுபோயிற்று. ஊர்தி அவரிடமே எஞ்சியது. அவர் அதனை இன்றும் ஆளுதற்குக் காரணம் பற்றன்று. பிறரை வஞ்சித்து விடுபட ஒருப்படாமையே. மெய் கூறியதற்கு விலையுண்டு என்பதும், அவ்விலையை அவர் கொடுத்தார் என்பதும் மறைக்கத்தக்கன அல்ல.

இறுதியாக, ஊர்தியாய் ஓடும் நிலை நீங்கியபின் மின்கலத்தின் கதி யாது என்பதும் உடையவர் அறிந்திருக்க வேண்டுவதே. ஓடுதற்குப் பற்றாத கலம் ஓரிடத்து நின்று உழைத்தற்குப் பற்றும். 24-இல் 13 கிலோவாட்-மணி எஞ்சினும், அஃது அந்நாட்டுச் சிறு குடும்பம் ஒருநாளிற் செலவிடும் மின்சாரத்தினும் மிகுதி. ஜப்பானில் ஃபுகுஷிமா மாகாணத்து நாமியே என்னும் ஊரில், பழைய 'லீஃப்' கலங்களைப் பிரித்து அளந்து மீளப் பயன்கொள்ளச் செய்யும் தொழிற்சாலை 2018-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பெரிய விளையாட்டரங்கில், 148 'லீஃப்' ஊர்திகளின் அளவுள்ள மின்கலங்கள், பழையனவும் புதியனவும் கலந்து, மின்சாரத்தைச் சேமித்து வைக்க அமைக்கப்பட்டன. அதற்கும் உதவாத கலங்களைச் சிதைத்து லித்தியம், நிக்கல், மாங்கனீசு, செம்பு முதலியவற்றை மீட்கும் ஆலைகளும் தோன்றியுள்ளன. ஆகவே பழைய மின்கலத்தைக் குப்பையில் எறிதல் அறியாமை. அறிந்தார் கையில் ஒப்படைத்தலே கடன்.

இதுகாறும் கூறியவற்றால், முதிர்ந்த மின்னூர்தியை உடையார்க்கு உரிய கடன் ஐந்தெனத் தொகுத்துக் கொள்ளலாம். குறைந்த அளவை உள்ளவாறு அறிதல் முதலாவது. அவ்வளவிற்குள் தம் போக்குவரவை அமைத்துக்கொள்ளுதல் இரண்டாவது. சிறு காப்புகளை இடையறாது செய்தல் மூன்றாவது. பிறர் கைக்கு மாறுங்கால் உண்மையை மறையாது கூறுதல் நான்காவது. முடிவிற் பொருளை உரிய இடம் சேர்ப்பித்தல் ஐந்தாவது. இவற்றுள் முதலாவதே ஏனைய நான்கிற்கும் வேர். அளவறியாதவன் அமைத்துக்கொள்ளான், காவான், மெய் கூறவும் மாட்டான். பெரும்பாலான உடைமைகள் தம் தேய்வை மறைத்து நின்று உடையவனை ஏமாற்ற, இஃதொன்று தான் இழந்ததனைக் காலைதோறும் கண்ணெதிரே எண்ணிக் காட்டுகின்றது. அதனைக் கண்டு வருந்துவார் வருந்துக, வெறுப்பார் வெறுக்க. எஞ்சியதனை எஞ்சியவாறே கொண்டு, அதனால் தமக்கும் பிறர்க்கும் ஆவதனைச் செய்து ஒழுகுதலே சான்றோர்க்கு அழகு என்று அறிந்து கடைப்பிடிக்க.